தமிழுக்கு ஸ்டைல் ஒத்துவராதா? மலர் வடிவமைக்கும் வாசகிக்குப் பதில்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன். அவருடைய பெயரையும், அமைப்பின் பெயரையும், அடையாளம் காட்டக்கூடிய பிற விவரங்களையும் நீக்கியிருக்கிறேன்.

இரு பிள்ளைகளின் தாயான அவர், முழுநேர வேலையை விட்டபின் வீட்டிலிருந்தபடியே வடிவமைப்புப் பணிகளை ஏற்றுச் செய்துவருகிறார். சமூக அமைப்பு ஒன்று, ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி வெளியிடவிருக்கும் ஆண்டு மலரின் 240 பக்கங்களையும் இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்துத் தரும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்திருக்கிறது. கட்டுரைகளும் கவிதைகளுமாக ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் படைப்புகள் வேர்டு கோப்புகளாக வந்தன. சில யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டில், சில பழைய பாமினி எழுத்துருவில். சென்ற ஆண்டு மலரின் பத்திகளை நகலெடுத்து ஒட்டி, ஒவ்வொரு தலைப்பையும் பத்தியையும் கையால் அமைத்து முடித்த நிலையில், செயற்குழு உடல் எழுத்துருவை, அதாவது கட்டுரைகளின் ஓடும் பகுதிக்கான எழுத்துருவை, மாற்றச் சொன்னது. இரண்டு வாரங்களில் எழுத்தின் அளவையும் மாற்றச் சொன்னது. இரவு இரவாக விழித்துத் திருத்திய அவர், இனி இப்படி முடியாது என்று, பத்தியின் எழுத்துரு, அளவு, இடைவெளி ஆகியவற்றை ஒரே பெயரில் சேமித்து வைக்கும் பாராகிராஃப் ஸ்டைல்களை உருவாக்கிப் பார்த்திருக்கிறார். சில பக்கங்களில் கொம்பெழுத்துகள் உடைந்தன. சில பக்கங்களில் ஸ்டைலின் பெயருக்கு அருகே கூட்டல் குறி தோன்றியதே தவிர, எழுத்து மாறவில்லை. அந்தக் குறியைப் போக்க ‘கிளியர் ஓவர்ரைட்ஸ்’ பொத்தானை அழுத்தியபோது, ஒரு நீண்ட கட்டுரையில் தடித்த எழுத்தில் இருந்த பெயர்கள் எல்லாம் சாதாரண எழுத்தாகிவிட்டன. “ஸ்டைல் எல்லாம் ஆங்கிலத்துக்குத்தான், தமிழுக்குக் கைவேலைதான் சரி” என்று இத்துறையில் மூத்த நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். கையாலேயே முடித்துவிடலாமா, நூற்பெயர்களை ஆங்கிலத்தில் போலச் சாய்வெழுத்தில் தரச் சொல்லும் செயலாளருக்கு என்ன பதில் சொல்வது, மூலக் கோப்பை, அதாவது திருத்தக்கூடிய இன்டிசைன் கோப்பை, கொடுத்தால்தான் கடைசித் தவணை கிடைக்கும் என்கிறார்களே, கொடுக்கத்தான் வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நண்பர் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் கண்டதற்கு அவர் கற்பித்த காரணம் சரியன்று. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று கோளாறுகளும் வெவ்வேறு காரணங்களால் வந்தவை. ஒன்றுகூடத் தமிழுக்கும் ஸ்டைலுக்கும் உள்ள பகையால் வந்ததன்று. சொல்லப்போனால், எழுத்துருவையும் வரி இடைவெளியையும் அடிக்கடி சரிபார்க்க வேண்டியிருக்கும் தமிழ்ப் பக்கத்துக்குத்தான் ஸ்டைல் அதிகம் தேவை. எனவே, கையால் முடித்துவிடுவது என்ற முடிவை நீங்கள் எடுப்பதற்குமுன், நடந்தது என்ன என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

கொம்பெழுத்துகள் உடைந்தது ஏன்?

கெ, கே, கை ஆகிய எழுத்துகளில் உயிர்க்குறி முன்னே நிற்கிறது. கொ, கோ ஆகியவற்றில் இருபுறமும் நிற்கிறது. ஆனால் யூனிகோடில் இவை ஒலிக்கும் வரிசையில்தான், அதாவது முதலில் ககரமும் பிறகு உயிர்க்குறியுமாகத்தான், சேமிக்கப்படுகின்றன. அந்த வரிசையை மாற்றி, கண்ணுக்குத் தெரிய வேண்டிய இடத்தில் குறியைக் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. இன்டிசைனில் இதைச் செய்வது கம்போசர் எனப்படும் அடுக்கும் பொறி. அதில் இரு வகைகள் உண்டு. வழக்கமாக ஆங்கிலக் கோப்புகளில் இருப்பது ‘அடோபி பாராகிராஃப் கம்போசர்’. அதற்கு இந்திய எழுத்துகளை இடம் மாற்றி இணைக்கத் தெரியாது. தமிழுக்கு வேண்டியது ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’. 2012இல் வெளிவந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்தே தமிழுக்கான ஆதரவு இன்டிசைனில் இருக்கிறது. ஆனாலும் அது தானாக இயங்கும் என்று எதிர்பார்க்க முடியாது, நாம்தான் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும்.

இந்தத் தேர்வு பத்திக்கு உரிய பண்பு. ஆகவே பாராகிராஃப் ஸ்டைலுக்குள்ளும் அது பதிவாகும். நீங்கள் கையால் அமைத்த பத்திகள் சென்ற ஆண்டுக் கோப்பிலிருந்து நகலெடுக்கப்பட்டவை என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் ஏற்கெனவே இருந்திருக்கிறது. அதனால் எழுத்து ஒழுங்காக வந்தது. நீங்கள் புதிதாக உருவாக்கிய ஸ்டைலில் பழைய வழக்கக் கம்போசர் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பத்தியின்மீது செலுத்தியதும் கம்போசர் மாறி, கொம்புகள் இடம் தவறின. ஸ்டைலின் அமைப்புகளைத் திறந்து, ‘ஜஸ்டிஃபிகேஷன்’ பகுதியில் கம்போசரை ஒரு முறை மாற்றினால், அந்த ஸ்டைலைத் தாங்கிய எல்லாப் பத்திகளும் சரியாகிவிடும். உங்கள் நண்பர் தமிழுக்கு ஒத்துவராது என்று கைவிட்ட வசதியே இந்தக் கோளாறை ஒரே சொடுக்கில் தீர்க்கிறது என்பதை அவருக்கும் காட்டுங்கள்.

அதே ஸ்டைலில் மேலும் மூன்று அமைப்புகளைத் தமிழுக்கென்று பார்த்து வைக்க வேண்டும். முதலாவது மொழி. ‘அட்வான்ஸ்டு கேரக்டர் ஃபார்மட்ஸ்’ பகுதியில் மொழி ஆங்கிலமாக இருந்தால், பிழைதிருத்தி ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் பிழை என்று காட்டும். வரி முடிவில் சொல்லைப் பிரிக்கவும் ஆங்கில விதியே வேலை செய்யும். இரண்டாவது வரி இடைவெளி. தானியங்கி அமைப்பு எழுத்தளவின் 120 விழுக்காட்டைக் கொடுக்கும். புள்ளி என்னும் அச்சளவில் சொன்னால், 11 புள்ளி எழுத்துக்கு அது 13.2 புள்ளி. மேலே சுழி கட்டும் கீ, மீ, கீழே இறங்கும் து, ழு, கூ ஆகியவை அடுத்தடுத்த வரிகளில் வந்தால் இந்த இடைவெளியில் ஒன்றையொன்று நெருக்கும். 11 புள்ளிக்கு 15 முதல் 16 புள்ளி வரை எண்ணாகவே குறித்து வைக்கும்படி நான் எப்போதும் சொல்வேன். எழுத்துருவுக்கு எழுத்துரு இது சற்று மாறும், ஆகவே ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கையில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மூன்றாவது, இருபுறமும் சீராக்கிய வரிகளில் சொல்லிடைவெளி. இன்டிசைன் இயல்பாக 80 விழுக்காட்டிலிருந்து 133 விழுக்காடுவரை சொல்லிடைவெளியைச் சுருக்கி விரிக்க முயலும். தமிழில் சொற்கள் நீண்டவை. இரண்டு நெடுவரிசைகளாகப் பிரித்த குறுகிய பக்கத்தில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்களே அமையும்போது, இடையில் வெள்ளைக் குளங்கள் தோன்றும். குறுகிய நெடுவரிசைகளை இடப்பக்கம் மட்டும் சீராக்கிவிடுவது என்னுடைய விருப்பம். செயற்குழு இருபுறச் சீரையே வேண்டினால், தமிழ்ச் சொற்பிரிப்பை இயக்கிப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

கூட்டல் குறியும் காணாமல்போன பெயர்களும்

ஒரு பத்திக்கு ஸ்டைல் இருக்கிறது. அதன்மேல் நீங்கள் கையால் எழுத்துருவையோ அளவையோ மாற்றுகிறீர்கள் என்றால், அந்தக் கைமாற்றம் ஸ்டைலுக்கு மேலே நிற்கும். ஸ்டைலில் பிறகு எதை மாற்றினாலும், கைமாற்றம் செய்த பண்பு மட்டும் அசையாது. இந்த நிலையைத்தான் கூட்டல் குறி தெரிவிக்கிறது. உங்களுடைய 240 பக்கங்களும் கைவேலையால் ஆனவை; ஆகவே ஏறக்குறைய ஒவ்வொரு பத்தியிலும் அந்தக் குறி வந்ததில் வியப்பில்லை.

கைமாற்றங்களில் இரு வகைகள் கலந்திருக்கின்றன என்பதுதான் உங்கள் சிக்கலின் மையம். உடல் எழுத்துருவை மாற்றியது ஒரு வகை. அது இனி ஸ்டைலுக்குள் போய்விட வேண்டும், பத்தியில் அதன் தடம் தேவையில்லை. ஒருவரின் பெயரைத் தடித்த எழுத்தில் இட்டது வேறு வகை. அது எழுதியவரின் கருத்தைச் சேர்ந்தது, தொலையக் கூடாதது. ‘கிளியர் ஓவர்ரைட்ஸ்’ பொத்தானுக்கு இந்த வேறுபாடு தெரியாது. கையால் செய்த எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஆனால் பத்திக்குள் சில சொற்களுக்கு மட்டும் இடும் ‘கேரக்டர் ஸ்டைல்’ மூலம் கொடுக்கப்பட்ட வடிவத்தை அது தொடுவதில்லை. எனவே துடைப்பதற்குமுன் காப்பாற்ற வேண்டியவற்றை எல்லாம் கேரக்டர் ஸ்டைலாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

அதைச் செய்ய 240 பக்கங்களையும் கண்ணால் தேட வேண்டியதில்லை. ‘அழுத்தம்’ என்ற பெயரில் ஒரு கேரக்டர் ஸ்டைலை உருவாக்குங்கள். ‘ஃபைண்ட்/சேஞ்ச்’ சாளரத்தில், தேடும் சொல்லை வெறுமையாக விட்டு, தேடும் வடிவமாக உடல் பத்தி ஸ்டைலையும் எழுத்துருவின் தடித்த வகையையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். மாற்றும் வடிவமாக ‘அழுத்தம்’ ஸ்டைலைக் கொடுங்கள். உடல் பத்திக்குள் இருக்கும் தடித்த சொற்கள் மட்டும் அந்த ஸ்டைலைப் பெறும், தலைப்புகள் சிக்கிக்கொள்ளா. சில இடங்களில் எழுத்தின் விளிம்புக்குக் கோடு கூட்டித் தடிப்பாக்கியிருந்தால் அவற்றைத் தனியே தேட வேண்டும். பழைய கோப்புகளில் இந்தப் பழக்கம் நிறைய உண்டு. இதற்குப் பிறகு துடைத்தால் பெயர்கள் நிற்கும், தேவையற்ற தடங்கள் போகும். இன்னொரு வழியும் உண்டு: ஆல்ட் விசையை அழுத்தியபடி ஸ்டைலின் பெயரைச் சொடுக்கினால் கைமாற்றங்கள் நீங்கும், கேரக்டர் ஸ்டைல்கள் தங்கும். அதோடு ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்திவிட்டால் கேரக்டர் ஸ்டைலும் போய்விடும் என்பதால் அந்த விரலைக் கவனமாக வையுங்கள்.

கேரக்டர் ஸ்டைலை உருவாக்கும்போது, எதையும் தேர்ந்தெடுக்காத நிலையில் உருவாக்கி, மாற வேண்டிய ஒரே பண்பை மட்டும் நிரப்புங்கள். ‘அழுத்தம்’ என்றால் தடித்த வகை மட்டும். எழுத்துருவின் பெயர், அளவு, நிறம் எல்லாம் வெறுமையாக இருக்கட்டும். அவற்றையும் நிரப்பிவிட்டால், செயற்குழு அடுத்த முறை அளவை மாற்றச் சொல்லும்போது உடல் எழுத்து 12 புள்ளிக்குப் போகும், பெயர்கள் மட்டும் 11 புள்ளியில் நிற்கும். நூல் அச்சாகி வந்தபின் கண்ணில் படும் பிழைகளில் இதுவும் ஒன்று.

ஏப்ரலுக்குள் மாறலாமா?

கையாலேயே முடித்துவிடுவது முதல் வழி. உள்ளடக்கம் இறுதியாகி, இனி எவரும் எதையும் மாற்றமாட்டார்கள் என்ற உறுதி இருந்தால் அதில் தவறில்லை. ஆனால் உங்கள் செயற்குழு ஏற்கெனவே இரண்டு முறை மனம் மாறியிருக்கிறது. மெய்ப்புப் பார்க்கும் கட்டத்தில் மூன்றாம் முறையும் மாறும் என்றே நீங்கள் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக ஸ்டைலில் கட்டுவது இரண்டாவது வழி. அது தூய்மையானது, ஆனால் பட விளக்கம், அட்டவணை, நன்கொடையாளர் பட்டியல் என்று சிறு சிறு இடங்களில் நேரம் கரையும், இந்தக் காலக்கெடுவில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நடுவழி ஒன்றுதான் உங்களுக்கு ஏற்றது. உடல் பத்தி, தலைப்பு, எழுதியவர் பெயர், கவிதை ஆகிய நான்கை மட்டும் இப்போது ஸ்டைலுக்குக் கொண்டுவாருங்கள். மலரின் பெரும்பகுதி இந்த நான்கினுள் அடங்கிவிடும். செயற்குழு மாற்றச் சொல்வதும் பெரும்பாலும் இவற்றைத்தான். மற்றவற்றை இந்த ஆண்டு கைவேலையாகவே விட்டுவிடலாம்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. அதை மறைக்க மாட்டேன். வரி இடைவெளியும் சொல்லிடைவெளியும் மாறும்போது எழுத்து இடம்பெயரும். எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்பதாகலாம், எழுத்து அடங்கும் சட்டத்துக்குள் கொள்ளாத கடைசி வரிகள் கண்ணுக்குத் தெரியாமல் மறையலாம். சட்டத்தின் ஓரத்தில் சிவப்புக் கூட்டல் குறி தோன்றினால் அங்கே எழுத்து வழிந்து நிற்கிறது என்று பொருள். அச்சுக்குமுன் பிழைகளைத் தேடும் ‘ப்ரீஃப்ளைட்’ பலகையும் அப்படிப்பட்ட பக்கங்களைப் பட்டியலிட்டுக் காட்டும். எழுதியவர்கள் பார்த்து ஒப்புதல் தந்துவிட்ட பக்கங்கள் இருந்தால், மாற்றத்துக்குமுன் ஒரு பிடிஎஃப் எடுத்து வைத்து, மாற்றியபின் ஒவ்வொரு கட்டுரையின் கடைசி வரியையும் அதனோடு ஒப்பிடுங்கள். கோப்பின் நகலில், ஒரே ஒரு கட்டுரையில் தொடங்குங்கள். அது சரியாக வந்தபின் மற்றவற்றுக்குப் போகலாம்.

வேலையின் வரிசை

முதலில் ‘அடிப்படை’ என்றொரு பத்தி ஸ்டைலை உருவாக்கி, எழுத்துரு, மொழி, கம்போசர், வரி இடைவெளி ஆகியவற்றை அதில் மட்டும் வையுங்கள். கோப்பில் இயல்பாகவே இருக்கும் ‘பேசிக் பாராகிராஃப்’ என்பதைத் திருத்தி அதன்மேல் கட்டாதீர்கள். அது எல்லாக் கோப்புகளிலும் அதே பெயரில் இருப்பதால், வேறொரு கோப்பில் ஒட்டும்போது அங்குள்ள அமைப்பு உங்களுடையதை வென்றுவிடும். உடல் பத்தி, தலைப்பு, எழுதியவர், கவிதை நான்கையும் ‘பேஸ்டு ஆன்’ பெட்டியில் ‘அடிப்படை’யோடு இணைத்து, ஒவ்வொன்றிலும் வேறுபடும் பண்பை மட்டும் மாற்றுங்கள். இதன்பின் எழுத்துருவை மாற்றச் சொன்னால் ‘அடிப்படை’யில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும், நான்கும் தொடர்ந்து மாறும். பிள்ளை ஸ்டைலில் நீங்கள் தனியே குறித்த பண்பு மட்டும் தாயைப் பின்பற்றாது என்பதை நினைவில் வைத்து, தேவையில்லாமல் எதையும் தனியே குறிக்காதீர்கள்.

பெயர் வைப்பதைப் பற்றியும் ஒரு சொல். சென்ற ஆண்டுக் கோப்பில் ‘11 புள்ளி கறுப்பு’, ‘பத்தி நகல் 3’ என்றெல்லாம் ஸ்டைல்கள் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தோற்றத்தைக் கொண்டு பெயரிட்டால், அளவு 12 ஆன மறுநாளே பெயர் பொய்யாகிவிடும். அந்த எழுத்து மலரில் என்ன வேலை செய்கிறது என்பதைக் கொண்டு பெயரிடுங்கள்: தலைப்பு, எழுதியவர், கவிதை, நூற்பெயர். அடுத்த ஆண்டு இந்தக் கோப்பைத் திறக்கப்போகும் எவருக்கும் அதுவே வழிகாட்டும். பழைய கோப்பின் பயன்படாத ஸ்டைல்களை ‘செலக்ட் ஆல் அன்யூஸ்டு’ கொண்டு மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். பயன்பாட்டில் உள்ள ஒன்றை நீக்கும்போது எதைப் பதிலாக வைப்பது என்று மென்பொருளே கேட்கும்.

தலைப்பு ஸ்டைலில் ‘நெக்ஸ்ட் ஸ்டைல்’ எழுதியவர் என்றும், எழுதியவர் ஸ்டைலில் அடுத்தது உடல் பத்தி என்றும் குறித்து வையுங்கள். பிறகு ஒரு கட்டுரையின் எழுத்து முழுவதையும் தேர்ந்தெடுத்து, தலைப்பு ஸ்டைலின்மேல் வலப் பொத்தானைச் சொடுக்கி, அதைச் செலுத்திவிட்டு அடுத்ததற்குப் போகும் கட்டளையைக் கொடுத்தால், முதல் பத்தி தலைப்பாகவும் இரண்டாவது எழுதியவர் பெயராகவும் மீதி உடலாகவும் ஒரே நொடியில் அமையும். ஐம்பதுக்கும் மேற்பட்ட படைப்புகளுக்கு இது எவ்வளவு உதவும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பொருளடக்கத்தையும் இந்தத் தலைப்பு, எழுதியவர் ஸ்டைல்களிலிருந்தே உருவாக்கிக்கொள்ளலாம். பக்க எண் மாறினால் புதுப்பிக்கும் கட்டளை ஒன்று போதும். கையால் தட்டிய பொருளடக்கத்தில் தவறான பக்க எண்ணோடு எந்த எழுத்தாளரும் நிற்க வேண்டாம்.

சிங்கப்பூர்த் தமிழ் மலர்களில் ஆங்கிலப் பெயர்களும் தெருப்பெயர்களும் இடையிடையே வருவது இயல்பு. தமிழ் எழுத்துருவுக்குள் இருக்கும் ஆங்கில எழுத்துகள் பல நேரம் தமிழோடு பொருந்துவதில்லை. பத்தி ஸ்டைலுக்குள் ‘கிரெப் ஸ்டைல்’ என்ற பகுதியில், ஆங்கில எழுத்துகள் வரும் இடங்களிலெல்லாம் ‘ஆங்கிலம்’ என்ற கேரக்டர் ஸ்டைல் தானாகவே அமையும்படி விதி எழுதலாம். இது அழகுக்கான வேலை. நேரம் இருந்தால் செய்யுங்கள்.

பாமினியில் வந்த படைப்புகள்

இவற்றை ஸ்டைலுக்குள் கொண்டுவருமுன் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், கோப்பில் சேமிக்கப்படுவது தமிழன்று; ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்கள்தாம் சேமிக்கப்படுகின்றன, எழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவமாகக் காட்டுகிறது. யூனிகோடு எழுத்துருவைக் கொண்ட ஸ்டைலை அதன்மேல் செலுத்தினால் முகமூடி கழன்று, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் வெளிப்படும். இதையும் ஸ்டைலின் குற்றம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆளுக்கொரு குறியீடாகத் தமிழ் சிதறிக் கிடந்த காலத்தில், அதை ஒழுங்குபடுத்தும் முயற்சி நம் ஊரில்தான் வலுப்பெற்றது. கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்ற 1997ஆம் ஆண்டின் தமிழிணைய மாநாடும், உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் அமைப்பு உருவாகக் காரணமான 2000ஆம் ஆண்டு மாநாடும் சிங்கப்பூரில் நடந்தவை. அந்த உழைப்பின் பயனை இன்று ஒரு மலருக்குள் நாம் பெறாமல் விடுவது எனக்கு வருத்தம் தரும்.

மாற்றும் கருவியில் முழுக் கோப்பையும் கொட்டிவிடாதீர்கள். இடையில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாக ‘மாற்றப்பட்டு’ உளறலாகிவிடும். ஆங்கிலப் பகுதிகளைத் தனியே குறித்துக்கொண்டு, மாற்றியபின் மீண்டும் சேருங்கள். தேதிகளையும் நிறுத்தற்குறிகளையும் ஒரு முறை கண்ணால் பாருங்கள். மாற்றிய உரையில் தடித்த எழுத்து பெரும்பாலும் இழக்கப்பட்டிருக்கும் என்பதால், மூல வேர்டு கோப்பை அருகில் திறந்து வைத்துக்கொண்டு ‘அழுத்தம்’ ஸ்டைலை இடுங்கள். யூனிகோடில் வந்த மற்ற வேர்டு கோப்புகளை ஒட்டாமல், ‘பிளேஸ்’ கட்டளையில் ‘ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்’ தேர்ந்தெடுத்து, ஸ்டைல்களை விட்டுவிட்டுத் தடித்த எழுத்தைத் தக்கவைக்கும் அமைப்போடு கொண்டுவந்தால், வேர்டு குப்பைகள் உங்கள் பட்டியலில் சேரா.

நூற்பெயருக்குச் சாய்வெழுத்து

செயலாளரின் வேண்டுகோள் நல்லெண்ணத்தில் எழுந்தது. ஆங்கில இதழ்களில் அப்படித்தான் பார்த்திருப்பார். ஆனால் தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான சாய்வு வடிவம் கிடையாது. மென்பொருள் நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது, சுழிகள் நசுங்குகின்றன. தமிழ் அச்சு மரபில் நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறியோ தடித்த எழுத்தோ போதும். வாதம் வேண்டாம், ‘நூற்பெயர்’ என்று ஒரு கேரக்டர் ஸ்டைலை இட்டு, தடித்த வகையிலும் சாய்த்த வகையிலும் ஒரே பக்கத்தை இரு முறை அச்சிட்டு அவரிடம் காட்டுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஸ்டைலில் ஓரிடத்தில் மாற்றினால் நூல் முழுவதும் மாறிவிடும்.

மூலக் கோப்பு யாருக்கு?

நான் வடிவமைப்புத் துறையினன், வழக்கறிஞன் அல்லன். தொகை பெரிதாக இருந்தால் சட்ட ஆலோசனை பெறுங்கள். பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஊழியராக அல்லாமல் தனிப்பட்ட முறையில் ஏற்றுச் செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், படைத்தவரே முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். அதற்காக மலர் முழுவதும் உங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுரைகளின் உரிமை எழுதியவர்களுடையது. நீங்கள் உரிமை கோரக்கூடியது உங்கள் வடிவமைப்பு மட்டுமே. 11 புள்ளி எழுத்து, 16 புள்ளி இடைவெளி என்ற எண்களுக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது. ஆகவே சென்ற ஆண்டுக் கோப்பின் அளவுகளைப் பின்பற்றியதற்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அதிலுள்ள ஓவியங்களையும் அலங்காரங்களையும் எடுத்தாள்வதாக இருந்தால் மட்டும் அனுமதி கேளுங்கள்.

உங்கள் விலைக்குறிப்பில் அச்சுக்கான பிடிஎஃப் மட்டுமே குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்டிசைன் கோப்பு அந்த விலைக்குள் அடங்கவில்லை என்று மரியாதையோடு சொல்ல உங்களுக்கு இடமுண்டு. ஆனால் அடியோடு மறுப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. அடுத்த ஆண்டு மலரைத் தொண்டூழியர் எவராவது செய்ய வேண்டியிருக்கலாம். ஒழுங்கான ஸ்டைல்களோடு கூடிய கோப்பு அந்த அமைப்புக்கு உண்மையான உதவி. அதற்குத் தனி விலை குறித்து, எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை இரண்டு வரிகளில் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டபின் கொடுங்கள். ஒத்துக்கொண்ட வேலையை முடித்த பிறகும் கடைசித் தவணையை நிறுத்தி வைத்தால், சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரையிலும், வழக்கறிஞர் இல்லாமலே முன்வைக்கலாம். ஒரே சமூகத்துக்குள் பழகும் மனிதர்கள் என்பதால், அது கடைசி வழியாக இருக்கட்டும். முதலில் செயலாளரை நேரில் பார்த்து, விலைக்குறிப்பை முன்னால் வைத்துப் பேசுங்கள்.

கோப்பைக் கொடுக்கும்போது எழுத்துருக்களைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்பது தனிக் கேள்வி. ‘பேக்கேஜ்’ கட்டளை எழுத்துருக்களையும் சேர்த்துக் கட்டக்கூடும். ஆனால் விலைக்கு வாங்கிய எழுத்துருவின் உரிமம் உங்கள் கணினிக்கு மட்டும் உரியதாக இருந்தால், அதைப் பிறருக்குக் கொடுப்பது உரிம மீறல். அடோபி சந்தாவில் வரும் எழுத்துருக்களை அந்தக் கட்டளை சேர்ப்பதில்லை. பெறுபவரும் சந்தா வைத்திருக்க வேண்டும். செயற்குழு இப்போது தேர்ந்தெடுத்திருக்கும் புதிய எழுத்துருவின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று செயலாளரிடம் இந்த வாரமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ‘அடிப்படை’ ஸ்டைலில் அந்த எழுத்துருவை இடுவதற்கு முன்பே அது தெரிந்திருக்க வேண்டும்.